மழை பெய்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்

வரிசையில் கடைசியாக நடந்து வருவதுதான் சுகந்திக்குக் கொடுத்திருந்த வேலை. எந்தப் பிள்ளையாவது நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான் என்று ஜெசிந்தா டீச்சர் சொன்னபோது, "அப்பப் பண்டம்பாடி, ஆடுமாடு ஓட்டற வேலைதானுங்க டீச்சர், ஒரு குச்சி மட்டும் குடுத்துருங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்து வாசலை விட்டுக் கிளம்பினாள். அவளுக்கு அது தானாக வரும், எழவு வீட்டில்கூட அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள், சிரிச்ச மூஞ்சி என்று பள்ளிக்கூடத்திலேயே பேர். முன்னால் நவநீதன் சார் போய்க்கொண்டிருந்தார், டவுனில் ஏதோ சங்கத்திலிருந்து வந்திருக்கிற பையன், சார் என்று கூப்பிடவே சங்கடமாக இருந்தது, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, கழுத்தில் பைனாகுலர், கையில் வலைக்குச்சி. அவருக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு, நடுவில் டீச்சர், கடைசியில் இரண்டு அம்மாக்கள், அவளும், பேத்திக்காக வந்த செல்வநாயகி அக்காளும். இயற்கை நடை என்று இதற்குப் பெயராம். நடப்பதற்கு இயற்கையாக நடக்காமல் எப்படி நடப்பது என்று நேற்று சாயங்காலம் மகள் தாரணியிடம் கேட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பிள்ளை சொன்னாள், "பள்ளத்துக்குப் போறோம்மா, ஊஞ்சப்பள்ளத்துக்கு." ஓடையை இந்தப் பக்கம் பள்ளம் என்றுதான் சொல்வது. கரட்டுக்கு, அந்தக் குன்றுப் பக்கம் போயிருக்கலாம். கரட்டில் மயில் இருக்கிறது, முயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு பிடி சுண்டலாவது கிடைக்கும். எதற்குப் பள்ளம். அதுவும் இந்த வாரம், அதுவும் முந்தாநாள் மழைக்குப் பிறகு. அம்மாக்களில் இரண்டு பேர் கூட வரவேண்டும் என்று டீச்சர் கேட்டதுமே தாரணி எழுந்து, எங்கம்மா சும்மாதான் இருக்குதுங்க டீச்சர், வரும் என்று சொல்லிவிட்டாளாம். அவள் சொல்லிவிடுவாள். எதையும் சொல்லிவிடுவாள். அதுதான் இப்போது சுகந்தியின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது, விழுங்கினால் குத்துகிறது, விட்டால் நினைவு வந்துகொண்டே இருக்கிறது.

அவள் புருஷன் பூபதிக்கு டேங்கர் லாரி ஓட்டுகிற வேலை. சொந்த லாரி இல்லை, டவுன் ரோட்டில் இருக்கிற சாயப்பட்டறையின் லாரி. துணிக்குச் சாயம் ஏற்றி மிஞ்சிய தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், சுத்தம் பண்ணுகிற இடத்தில் இறக்கிவிட்டு வரவேண்டும், மாப்பிள்ளைக்கு அதுதான் உத்தியோகம் என்று பெண் கேட்டு வந்தபோது சொன்னார்கள். சுத்தம் பண்ணுகிற வேலைதானே, நல்லதுதான் என்று அவள் அப்பா தலையாட்டினார். பகலில் அது அப்படித்தான். மழை ராத்திரியில் வேறு. மழை பிடித்தால் போன் வரும், பூபதி சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்வான், சட்டையை மாட்டிக்கொண்டு போவான், ஆள் நடமாட்டமில்லாத ஏதாவது ஒரு தரைப்பாலத்தில் விளக்கை அணைத்து நிறுத்தி, பின்பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, காலியானதும் வந்துவிடுவான். மழைத் தண்ணீரோடு தண்ணீராக அது போய்விடும். அப்படித்தான் அவன் முதல் தடவை சொன்னான், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள், ஆமாம் நினைத்துக்கொண்டாள், யாரும் அவள் தலையில் அடித்து நினைக்க வைக்கவில்லை. ஊரெல்லாம் சோளத்துக்காகவும் கொள்ளுக்காகவும் வானத்தைப் பார்க்கும், சுகந்தி போனுக்காகப் பார்ப்பாள். மேற்கே கறுத்தால் அவள் துணி எடுக்க ஓடுவதற்கு முன்னால் அந்தப் போனை ஒரு பார்வை பார்ப்பாள். இத்தனை நாளும் தூரந்தொலைவாகப் போய்விட்டு வந்தான், எந்த ஊர்ப் பள்ளமோ, யார் ஊர்த் தண்ணீரோ, பேர் தெரியாத ஊருக்காக எவ்வளவு நேரம்தான் வருத்தப்பட முடியும். முந்தாநாள் டேங்க் நிரம்பியிருந்தது, ரோட்டில் சோதனை நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவன் வண்டியை இந்தப் பக்கமே திருப்பிவிட்டான். ஊஞ்சப்பள்ளத்துத் தரைப்பாலத்தில். காலையில் வந்து குளித்துவிட்டு, தலை துவட்டாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு, நம்ம பள்ளத்துலதான் விட்டேன் சுகந்தி, வேற வழியில்ல என்றான். அவள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், தடவிக்கொண்டே இருந்தாள், கல் காய்ந்து புகைந்ததுகூடத் தெரியவில்லை.

"சார், அதென்னங் சார் கத்துது?" என்று முன்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்க, வரிசை நின்றது. தரிசுக் காட்டில் நீளக் கால்களோடு ஒரு பறவை கத்திக்கொண்டே தத்திப் போயிற்று. "யாருக்காச்சும் தெரியுமா?" என்றார் நவநீதன் சார். "ஆள்காட்டிங் சார்" என்று நாலைந்து பேர் ஒன்றாகக் கத்தினார்கள், அதில் மேலே எழும்பியது தாரணியின் குரல்தான், எந்தக் கூட்டத்திலும் அவள் குரல் மேலேதான் மிதக்கும். சார் ரகசியம் மாதிரி குனிந்து சொன்னார், அது தரையிலேயே முட்டை வைக்கும், கூடு கட்டாது, ஆள் வந்தால் முட்டை இருக்கிற இடத்தை விட்டு வேறு பக்கமாக ஓடி, அடிபட்ட மாதிரி நடித்து, நம்மை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சுகந்தியும் கேட்டாள், பரவாயில்லையே, பையனுக்கு விஷயம் தெரிகிறது, இவ்வளவு தெரிந்தவன் பள்ளத்தைப் பார்த்ததும் என்னவெல்லாம் சொல்வானோ, யார் இப்படிப் பண்ணியது தெரியுமா பிள்ளைகளே என்று கேட்பானோ, கேட்டால் தாரணி கையைத் தூக்குவாளோ. அவள் தூக்குவாள். அங்கன்வாடிக்கு எடை போட வந்த நர்சம்மாவிடம், எங்கம்மா முட்டைய எனக்குக் குடுக்காம அப்பாவுக்குக் குடுத்துருச்சு என்று சொன்னவள். மாமன் வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும், இந்தச் சேலை அத்தையோட பழைய சேலைங்க என்று சொன்னவள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவது, அதுவும் சரியான பதில் சொல்லிவிடுவது, அதில் பிள்ளைக்கு ஒரு ருசி. நல்ல பிள்ளை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று சுகந்தியே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மழை ராத்திரியில் பிள்ளை தூங்கிவிடுகிறாள் என்றுதான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தாள், ஆனால் முந்தாநாள் லாரிச் சத்தம் தெருமுனையில் போனதும் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது, "அப்பா நம்ம பள்ளத்துப் பக்கமா போறாரும்மா, சத்தம் அந்தப் பக்கம் கேக்குது." தூங்கு கண்ணு என்றாள். தூங்கு கண்ணு என்பதற்கு மேல் என்ன சொல்வது. பேசாதே என்று சொன்னால் ஏன் பேசக்கூடாது என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் அதையும் சேர்த்துத்தான் பேசுவாள்.

"ஏனம்மிணி, கூப்புட்டது கேக்கலையாக்கும்?" என்று செல்வநாயகி முழங்கையால் இடித்தாள். "பராக்குப் பாத்துட்டு நடக்கற. புள்ளைகளோட சேத்து உன்னையும் ஓட்டணுமாட்ட இருக்குது." "எம்பட குச்சிய உங்ககிட்டக் குடுத்தர்றனுங்க்கா" என்றாள் சுகந்தி. செல்வநாயகி சிரித்தாள், பல்லில் வெற்றிலைச் சிவப்பு. இவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சுகந்திக்குத் தோன்றியது, உடனே அதைத் தள்ளிவிட்டாள், தள்ளினாலும் அது திரும்பி வந்து நின்றது. செல்வநாயகியின் எருமை புரட்டாசியில் செத்தது. ஒரு மழைக்குப் பிறகு பள்ளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது, ராத்திரியெல்லாம் வயிறு உப்பி முனகி, விடியும்போது காலை நீட்டிவிட்டது. அந்த மழைக்குப் பூபதி இந்தப் பக்கம் வரவில்லை. வரவில்லை என்று அவன் சொன்னான், அவள் கேட்காமலே சொன்னான். வேறு லாரிகளும் இருக்கின்றன, வேறு டிரைவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவள் யார் வீட்டு எருமைக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாளோ. சுகந்தி அன்றைக்குப் போயிருந்தாள், காபித்தண்ணி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள், செல்வநாயகி எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, தாயில்லாத புள்ள மாதிரிப் பாக்குதே பாக்குதே என்று செத்த கண்ணைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இப்போது செல்வநாயகி குரலைத் தணித்துச் சொன்னாள், "பசங்கெல்லாம் பேசி வெச்சுருக்கறாங்க. அடுத்த மழைக்குத் தரைப்பாலத்துல காவல் இருக்கறாங்களாமா. புரட்டாசியில ஏமாந்துட்டாங்க, நோட்டீஸ் போட்டுச் சொல்லிட்டா வருவான்? சிக்கட்டும். கையக் கால முறிச்சு அந்தத் தண்ணியவே வாயில ஊத்தோணும்." "ஒரு சொம்புல நிறுத்தாதீங்க்கா" என்றது சுகந்தியின் வாய். அவள் சொல்லவில்லை, அவள் வாய் சொன்னது, எப்போதும் சொல்கிற மாதிரி, நேரத்தோடு, சரியான இடத்தில். செல்வநாயகி மறுபடி சிரித்து அவள் தோளைத் தட்டினாள். தட்டிய இடம் சுடுவது போலிருந்தது. பூபதியின் கையை நினைத்தாள். உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்துகொண்டே இருக்கிறது, குழம்பு பட்டால் எரிகிறது என்று கரண்டியால்தான் சாப்பிடுகிறான், ஆபீசர் வந்துட்டாருங்க என்று அவள் கேலி பண்ணுவாள், தாரணியும் அப்பாவைப் பார்த்துக் கரண்டியால் சாப்பிடுவாள், அது ஒரு அந்தஸ்து என்று பிள்ளைக்கு நினைப்பு. அந்தக் கையை அவர்கள் முறித்தால் அவன் தடுக்கமாட்டான். அதுதான் பயம். அவன் ஓடமாட்டான், நின்றுகொண்டிருப்பான், பார்த்துப் பார்த்துப் பழகிய முகங்கள் எல்லாம், என்னங்க பூபதி நீங்களா என்று கேட்கும், அவன் ஆமாங்க என்பான். வேறு வேலைக்குப் போகலாம் என்று அவள் சொல்லாமலில்லை. நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான் என்றான். இன்னொருத்தன் போகட்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கேன் தண்ணீருக்கு ஆள் சொல்லிவிட்டாள். தெருவிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் கேன் தண்ணீர், சுகந்தி டவுன்காரி ஆகிட்டா என்று பேசிக்கொள்வார்கள், பேசட்டும் என்று அதற்கும் சிரித்துவைப்பாள். ஊர்க்கிணற்றுத் தண்ணீரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காதவள், அது ஏன் என்று யாரிடமும் சொல்லாதவள். தாரணியின் முதுகில் தொங்குகிற பாட்டிலில் இருப்பது அந்தத் தண்ணீர்தான், செல்வநாயகியின் பேத்தி அதை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள், குடி கண்ணு, நல்லாக் குடி, எல்லாத்தையும் குடிச்சுரு.

வெள்வேல மரங்கள் தாண்டியதும் வாடை வந்தது. முதலில் டீச்சர் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார், பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக, ச்சீ, நாத்தம், யாருடா, நானில்லைடா, என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். தரைப்பாலத்துக்குக் கீழே தண்ணீர் கறுப்பும் ஊதாவுமாகத் தேங்கி நின்றது, கல்லெல்லாம் ஓரத்தில் கரும்பச்சைக் கோடு, பாறை இடுக்கில் நுரை ஒரு கூடை அளவுக்குத் திரண்டு காற்றில் நடுங்கியது. மழைத் தண்ணீரோடு போய்விடும் என்றானே, போகவில்லையே, இதோ இங்கேயே உட்கார்ந்திருக்கிறதே, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறதே. முந்தாநாள் மழை அவ்வளவு பெரிய மழை இல்லை, அரைமணியில் விட்டுவிட்டது, அவளுக்கு நினைவிருக்கிறது, மழை விட்டுவிட்டதே என்று படுக்கையில் கிடந்து அவள் நினைத்தாள், இன்னும் கொஞ்சம் பெய்யேன் என்று கேட்டுக்கொண்டாள், ஒரு பெண் மழையைக் கேட்கிற கேள்வியா அது. நவநீதன் சார் பாலத்து ஓரம்வரை போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "மழை பெஞ்சு ரெண்டு நாள் ஆச்சு, ஒரு தவளைச் சத்தமாவது கேக்குதா பாருங்க" என்றார். பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். சுகந்திக்கு அந்த அமைதி தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. சரி, சார் பார்த்துவிட்டார், திரும்பிவிடுவார், வாங்க பிள்ளைகளா போகலாம் என்பார் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் வலைக்குச்சியை நீட்டிப் பிடித்து, "இதுலயும் ஏதாச்சும் பூச்சி உயிரோட இருக்குதான்னு தேடிப் பாப்போமா? செருப்பைக் கழட்டி வெச்சுட்டு ஓரமா வாங்க" என்றார். பூச்சி தேடுவதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்கிறார், வெறுங்கையோடு எப்படித் திரும்புவார். இது எத்தனையோ நாளைய அழுக்குத் தண்ணீர், ஓரத்தில் நின்றால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார். அது முந்தாநாளைய தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது. சூடு ஆறாமல் டேங்கிலிருந்து இறங்கியது என்று தெரியாது. இங்கே தெரிந்தவள் ஒருத்திதான், வரிசையில் கடைசியாக நிற்கிறவள். பிள்ளைகள் ஓடினார்கள். செருப்புகள் பாறைமேல் நாலாபக்கமும் விழுந்தன. சின்னச் சின்னப் பாதங்கள், ஒருத்திக்குக் கொலுசு, ஒருத்தனுக்குப் பெருவிரலில் கட்டு, முதல் ஆளாக ஓடியது செல்வநாயகியின் பேத்தி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சொல்லிவிடு. நில்லுங்க, அதைத் தொடாதீங்க, அது என்ன தண்ணீர் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடு. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதற்குப் பிறகு என்ன. அதற்குப் பிறகு பூபதி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பான், கதவைத் தட்டுவார்கள். வாய் திறந்துவிட்டது, உள்ளே காற்றுப் போகிறது, வெளியே என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாத ஒரு நொடி.

"பாம்பு" என்று கத்தினாள். "பாம்பு, பாம்பு, நுரைக்குள்ள பூந்துருச்சு, நாம்பாத்தேன், ஏறுங்க மேல, ஏறுங்க கண்ணுகளா." பிள்ளைகள் வீல் என்று கத்திக்கொண்டு பாறைமேல் ஏறினார்கள், ஒருத்தன் செருப்பை விட்டுவிட்டு அழுதான், நவநீதன் சாரே பின்னால் நகர்ந்துவிட்டார், டவுன் பையன், பாவம். சுகந்தி ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து இழுத்து, கால் நனைந்திருக்கிறதா என்று பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள், நனையாத காலையும் துடைத்தாள். செல்வநாயகியின் பேத்திக்குக் குதிகால் மட்டும் நனைந்திருந்தது, தாரணியின் பாட்டிலைப் பிடுங்கி அந்தக் குதிகாலில் மொத்தத் தண்ணீரையும் ஊற்றித் தேய்த்தாள். "போதும் அம்மிணி, தோலு வழண்டரும்" என்றாள் செல்வநாயகி. குரலில் சிரிப்பு இல்லை. இடுப்பில் கைவைத்து நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்த்துவிட்டுச் சுகந்தியைப் பார்த்தாள். "என்ன பாம்பு?" "தண்ணிப் பாம்பாட்ட இருந்துதுங்க்கா." "இந்தத் தண்ணியில ஏதம்மிணி பாம்பு? பொழுதுக்கும் நான் இந்தப் பக்கந்தான் ஆடு மேய்க்கறேன். பாம்பு இருந்து வருசமாச்சு. புழுவே இல்ல. பாம்பு எதத் திங்கும்?" சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. சுகந்தி குனிந்து ஒரு செருப்புக்கு ஜோடி தேடினாள், ஜோடி கண்முன்னாலேயே கிடந்தது, இருந்தாலும் தேடினாள். கண்ணை நிமிர்த்தினால் மாட்டிக்கொள்வோம். சிரிக்கலாம். இப்போது ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிக்கலாம், சொல்லு, எதையாவது சொல்லு. ஒன்றும் வரவில்லை. குனிந்த இடத்திலிருந்து பார்த்தபோது பாறையின் அந்தப் பக்கத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன, தாரணியின் கால்கள், நனையவில்லை, அவள் மற்ற பிள்ளைகளோடு ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. செருப்பைக் கழற்றவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று அம்மாவையும் செல்வநாயகியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கணக்குப் போடும்போது உதட்டைக் கடிக்கிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு.

மேட்டில் ஒரு ஊஞ்ச மரத்தடியில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார்கள். டீச்சர் பிஸ்கட் கொடுத்தார், கை கழுவத் தண்ணீர் போதவில்லை, பாவாடையில் துடைத்துவிட்டே சாப்பிட்டார்கள். பாம்பு எவ்வளவு நீளம் என்று ஒரு பையன் தன் பங்குக்கு நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான், அவனும் பார்த்தானாம். பயந்த பிள்ளைகளைத் தேற்றுவதற்காகவோ என்னவோ நவநீதன் சார் சம்மணமிட்டு உட்கார்ந்து, "சரி, பள்ளத்த விடுங்க. மழையப் பத்திப் பேசலாம். மழை பெஞ்சா உங்க வீட்டுல என்ன நடக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். இங்கிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். வட்டத்தின் அந்தப் பக்கம் தாரணி, ஏழெட்டுப் பிள்ளைகள் தள்ளி, கையில் பாதி பிஸ்கட். செல்வநாயகி தாரணிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் எங்க வீட்டில் ஓடு ஒழுகும், குண்டா வைப்போம் என்றது முதல் பிள்ளை. கரண்டு போகும் என்றது அடுத்தது. வெறுமனே கேட்டது இது, ஒரு சின்னக் கேள்வி, ஆனால் சுகந்தியின் வீட்டில் இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது, அது பிள்ளைக்குத் தெரியும், போன் வரும், அப்பா லாரி எடுத்துக்கொண்டு போவார், நம்ம பள்ளத்துப் பக்கம் சத்தம் கேக்கும். எழுந்து போய்ப் பிள்ளையை ஒண்ணுக்குக் கூட்டிப்போகிற மாதிரிக் கூட்டிப்போய்விடலாமா. எழுந்தால் செல்வநாயகி பார்ப்பாள். எங்க ஆயா கோழிக்குஞ்செல்லாம் கூடையில போட்டு மூடும் என்றாள் ஒருத்தி. எங்கண்ணன் நனைஞ்சுக்கிட்டே கிரிக்கெட் விளையாடி எங்கம்மாட்ட அடி வாங்குவான், எல்லாரும் சிரித்தார்கள், இன்னும் மூன்று பேர், இன்னும் இரண்டு பேர். பிள்ளையின் கண்ணைப் பிடித்துவிட முடியுமா என்று பார்த்தாள், ஒரே ஒரு முறை இந்தப் பக்கம் பார், கண்ணு, தலையை மட்டும் அசைக்கிறேன், உனக்குப் புரியுமா, புரியாது, உனக்கு எப்படிப் புரியும். அல்லது சொல்லட்டுமே. சொல்லி முடிந்துபோகட்டுமே. அந்த நினைப்பு வந்தபோது ஒரு விநாடி தோளிலிருந்து ஏதோ இறங்கியது, சொல்லட்டும், யாராவது ஒருத்தர் சொல்லத்தானே வேண்டும், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை சொல்லட்டும், பிறகு கேன் தண்ணீரும் வேண்டாம், போனும் வேண்டாம், அவனை இழுத்துக்கொண்டு எங்காவது போய்க் கூலிவேலை செய்யலாம், கைத்தோல் ஆறும். அதற்குள் கட்டிலும் கதவுத் தட்டலும் திரும்ப வந்துவிட்டன. "அடுத்தது நீங்க" என்றார் சார். தாரணி எழுந்து நின்றாள், எல்லாரும் உட்கார்ந்தே சொன்னார்கள், அவள் மட்டும் எழுந்து கைகட்டி நின்றாள்.

"மழை பெஞ்சா எங்கப்பா எங்கியும் போகமாட்டாருங் சார்" என்றாள், கணீரென்று. "ஊட்டுலயேதான் இருப்பாரு. எனக்கு வாழக்காய் பஜ்ஜி போட்டுத் தருவாரு. எங்கம்மா ஒக்காந்துக்கும், எங்கப்பாதான் போடுவாரு. அப்பறம் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு சிங்கம் கதை சொல்லுவாரு. நான் தூங்கற வரைக்கும் சொல்லுவாரு. முந்தாநாளும் சொன்னாருங் சார்." மூச்சு வாங்காமல், ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் சொன்னாள், பஜ்ஜிக்கு வாழைக்காய் என்றும் கதைக்குச் சிங்கம் என்றும் பேர் வைத்து, முந்தாநாள் என்பதைக் கடைசியில் மறக்காமல் வைத்து. அந்த வீட்டில் பூபதி ஒருநாளும் பஜ்ஜி போட்டதில்லை. சுகந்தி பிள்ளையின் வாயையே பார்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. "அடடே, குடுத்து வெச்ச புள்ளதான், நல்ல அப்பா" என்றார் நவநீதன் சார், "எல்லாரும் கை தட்டுங்க." தட்டினார்கள். செல்வநாயகி வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு, முகமெல்லாம் இளகி, "ஏனம்மிணி, உங்கூட்டுக்காரரு பஜ்ஜியெல்லாம் போடுவாராக்கும், ஒரு வார்த்தை சொல்லலையே, மழ பெஞ்சா நாங்களும் வருவமல்லொ" என்று இங்கே பார்த்துச் சொன்னாள், அவள் கண்ணில் சற்று முன்னால் இருந்தது இப்போது இல்லை, துடைத்துவிட்ட மாதிரிப் போய்விட்டிருந்தது. அடுத்த பிள்ளை ஆரம்பித்தது, எங்கூட்டுல மழ பெஞ்சா நாய் உள்ள வந்துரும். தாரணி வட்டத்தைச் சுற்றி நடந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள், பாதி பிஸ்கட்டைக் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு காதோரம் வாயைக் கொண்டுவந்து, மூச்சு சுடச்சுட, "சரியாச் சொன்னனாம்மா?" என்று கேட்டாள். செல்வநாயகி பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி தலையை ஆட்டினாள்.